வாலைப் பிடித்த மாமா

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன் பிறகு திருப்பூரில் பனியன் தைத்தேன், ஓசூரில் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டினேன், கோவாவில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன். போன இடமெல்லாம் கூட வேலை செய்யும் பெண்கள் படுக்கப்போகும் முன் வீட்டுப் பெருமை பேசுவார்கள். ஒருத்திக்கு மாடிவீடு, ஒருத்திக்குப் போலீஸ்கார அண்ணன். என் முறை வந்தால் நான் மாமாவின் கதையைச் சொல்வேன். இதுவரை யாரும் என்னை மிஞ்சியதில்லை.

அப்போது பசுமலையில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். ஒரே சுற்றுச்சுவருக்குள் வரிசையாகச் சில வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குளியலறை. அதற்குக் கூரை கிடையாது. அப்பா இறந்துபோயிருந்தார். அம்மா ஒரு விடுதியில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி, என் மாமா, கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்தார். காட்டு வேலையும் வேட்டையும் தெரிந்தவருக்கு டவுனில் என்ன வேலை கிடைக்கும்? வேலையே விசாரித்துக்கொண்டு வந்து சேரட்டும் என்பதுபோல வாசலில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரம்மாவுக்கு அது ஆகவில்லை. இரண்டு பேருக்கென்று விட்ட வீட்டில் மூன்றாவது ஆள் எதற்கு என்று, தண்ணீர் மோட்டார் போடும்போதெல்லாம் அம்மாவிடம் கேட்பார்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில்தான் அது வந்தது. பச்சை உடம்பு, முதுகு நெடுக முள், தொண்டைக்குக் கீழே தொங்கும் தோல். வாலையும் சேர்த்தால் என் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. காலையில் குளியலறைச் சுவரின் மேல் படுத்து வெயில் காயும். வெயில் ஏறியதும் பக்கத்து வேப்பமரத்துக்குள் மறைந்துவிடும். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பல வருஷம் கழித்து, பெங்களூரில் ஒரு கடையில் அதே இனத்தைச் சின்னக் குட்டிகளாகக் கண்ணாடித் தொட்டிக்குள் பார்த்தேன். இக்குவானா என்றார் கடைக்காரர். கடல்தாண்டிய தேசத்துப் பிராணியாம். ஆசைக்கு வாங்குகிறார்கள், பெரிதானதும் பயந்து எங்காவது விட்டுவிடுகிறார்கள் என்றார். எங்கள் தெருவில் விட்ட புண்ணியவான் யாரோ.

காம்பவுண்டில் அதற்கு ஆளுக்கொரு பெயர். முதலைக் குட்டி என்றார்கள், டிராகன் என்றார்கள். கடைசியில் உடும்பு என்று முடிவானது. பெண்கள் குடை பிடித்துக்கொண்டு குளித்தார்கள். வீட்டுக்காரம்மாவின் வழக்கு வேறு. அவர் சாமிக்கென்று பறிக்க வருவதற்குள் அது செம்பருத்திப் பூக்களைத் தின்று முடித்திருக்கும். பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணன், உடும்புக் கறி முதுகுவலிக்கு நல்லது என்று யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். வனத்துறைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது, கேஸ் கீஸ் என்று வந்தால் யார் அலைவது என்று வீட்டுக்காரம்மா அடக்கிவிட்டார்.

பிறகு அவர் கண் மாமாவின் மேல் போனது. கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு உடும்பு பிடிப்பது கைவந்த கலை என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

“இந்தாப்பா, அதப் புடிச்சுக் குடுத்துட்டீன்னா நீ ஒங்கக்கா வீட்டுலயே இருந்துக்க. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். இல்லேன்னா ஞாயித்துக்கெழம கெளம்பிரு.”

மாமா சரி என்றார். அடுத்த சில நாள் காலையில் எழுந்ததும் அவருக்கு ஒரே வேலை, அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அது கண்ணை மூடினால் இவரும் அசையமாட்டார். அது கிளையை எட்டி வேப்பங்கொழுந்தைக் கடித்தால் இவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். நான் பள்ளிக்கூடத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தேன், என் மாமா முதலை பிடிக்கப்போகிறார் என்று.

சனிக்கிழமை காலை காம்பவுண்டே கூடிவிட்டது. ஆட்டோக்கார அண்ணன் சாக்கோடும் அரிவாளோடும் நின்றார். அம்மா வேலைக்குப் போகாமல் வாசற்படியில் நின்றாள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரில் ஏறினார். ஒரு சத்தம் இல்லை. ஊர்ந்து ஊர்ந்து அதன் பக்கத்திலேயே போய்க் குந்திவிட்டார். கை நீட்டினால் தலை, அவ்வளவு பக்கம். அது ஓடவில்லை. ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. அவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். திடீரென்று கை பாய்ந்தது. வாலைப் பிடித்துவிட்டார்.

அடுத்த நொடி அது வேப்பமரத்தில் இருந்தது. வால் மட்டும் மாமாவின் கையில் இருந்தது. அது தனியாக நெளிந்து, கையை விட்டு நழுவித் துவைக்கிற கல்லில் விழுந்து துள்ளியது. பெண்கள் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள். அலறல் அடங்கியதும் சிரிப்பு கிளம்பியது.

“என்ன மாப்ள, இன்னைக்கு வால் கொழம்பா?” என்றார் ஆட்டோக்கார அண்ணன். அரிவாளை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நகர்ந்தார்.

மாமா சுவரிலிருந்து இறங்கிக் கையைக் கழுவினார். அவசரமே இல்லை. பிறகு அண்ணனைப் பார்க்காமல், வீட்டுக்காரம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

“இது உடும்பு இல்லம்மா. உடும்பு உசுரு போனாலும் வால விடாது. வால விட்டுட்டு ஓடுறது பல்லிதான். இம்புட்டுப் பெருசா இருந்தாலும் பல்லி பல்லிதானே. அடிச்சா பாவம் யாரு தலையில விழும்னு பாத்துக்கங்க.”

வீட்டுக்காரம்மாவின் கை கன்னத்துக்குப் போனது. சுவரில் பல்லி கத்தினால் பேச்சை நிறுத்திவிட்டு விரலால் தரையைத் தட்டுகிறவர் அவர். பல்லி மேலே விழுந்தால் எந்த இடத்துக்கு என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் பார்க்காமலே சொல்வார். இவ்வளவு பெரிய பல்லிக்கு எவ்வளவு பெரிய பாவம் என்று அவர் மனம் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அரிவாளை உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். அன்று முதல் காம்பவுண்டில் யாரும் அதன் மேல் ஒரு கல்கூட எறியக் கூடாது என்றார். மறுநாள் செம்பருத்தியில் கைக்கெட்டும் பூக்களை மட்டும் பறித்துக்கொண்டு, உச்சிப் பூக்களை விட்டுவைத்தார்.

அது இருக்கலாம் என்று ஆனது. மாமா இருக்க முடியாது என்பது மாறவில்லை. பிடித்துக் கொடுத்தால் என்பதுதானே பேச்சு. வீட்டுக்காரம்மா கோபமாகச் சொல்லவில்லை, வழிக்கு என்று ஒரு பை முறுக்குகூடக் கொடுத்தார். மாமா அதை வாங்கித் தன் துணிகளோடு வைத்துக்கொண்டார்.

மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு அம்மாவும் நானும் கூடப் போனோம். எனக்கு அழுகையே வரவில்லை. வெறும் கையால் டிராகனின் வாலைப் பிடுங்கியவர் பஸ் ஏறுகிறார், பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது தெரியவில்லையே என்பதுதான் என் கவலை. வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் நானாகவே போய்ச் சொன்னேன். அவர் மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு பிஞ்சு கொடுத்தார்.

“வாரேன்க்கா,” என்றார் மாமா. அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். பஸ் நகர்ந்தது. அது வளைவில் திரும்பும்வரை நான் கையாட்டிக்கொண்டே இருந்தேன்.

அம்மா அதே இடத்தில் நின்றிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல் சொன்னாள்:

“பொடிப்பயலா இருக்கயிலேருந்து உடும்பு புடிச்சவன். எப்பவும் கழுத்துலதான் கையப் போடுவான். அம்புட்டுப் பக்கத்துல போயி, வாலப் புடிச்சிருக்கான் பாரு.”

மாமாவுக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று அம்மா குறை சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பசுமலை வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவே இல்லை.