பஸ்ரியன் வழியினர்

கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் ஒரு பழைய சமூக மண்டபம் இருக்கிறது. அதன் சாவிக்கொத்து பல வருடங்களாக அகஸ்ரினின் இடுப்புப் பட்டியில்தான் தொங்குகிறது. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையிலிருந்து வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் மாடி வீடொன்றில் பத்துப் பேரோடு நெருக்கியடித்துப் படுத்து, உணவகங்களில் கோப்பை கழுவி, அதற்குப் பிறகு கிடைத்த வேலை அது. கதிரை அடுக்குவார். வாசலில் பனிக்கு உப்புத் தூவுவார். யார் வந்தாலும் நின்று கதை கேட்பார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த மண்டபத்தை மக்கல்ரோய் குலச் சங்கம் வாடகைக்கு எடுக்கும். ஸ்கொட்லாந்தில் ஒரே பள்ளத்தாக்கிலிருந்து சிதறிப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். முதலில் ஒரு மேசையைச் சுற்றியிருந்து தேநீர் குடித்தார்கள். பிறகு நியூசிலாந்திலிருந்து ஒரு பெண் தானும் மக்கல்ரோய்தான் என்று எழுதினாள். நோவா ஸ்கோஷியாவில் ஒரு கிளை வந்தது, அவுஸ்திரேலியாவில் இன்னொன்று. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பொறுப்பாளர். தன் நாட்டிலுள்ள உறவுகளைத் தேடிச் சேர்ப்பது அவருடைய வேலை. சில வருடங்களில் அகஸ்ரின் மேல்மாடியிலிருந்தும் கதிரை இறக்க வேண்டியதாயிற்று.

சங்கத்தின் செயலாளர் மொய்ரா, ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் வம்ச மரத்தைச் சுவரில் விரிக்கும்போது அகஸ்ரின் பின்னால் நின்று பார்ப்பார். கீழ்க் கிளைகள் வெறுமையாக இருப்பது ஏன் என்று ஒருநாள் கேட்டார். உயிரோடிருப்பவர்களின் பெயரை அவர்கள் சம்மதியாமல் போடுவதில்லை, அதுதான் எங்கள் முதல் விதி என்றார் மொய்ரா.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ரதியிடம் சொல்லிச் சிரித்தார்.

"உவையின்ரை சொந்தத்தைப் பார். செத்தாத்தான் சேர்ப்பினமாம்."

"அப்ப உங்களுக்கு இன்னும் இடமில்லை. பொறுத்திருங்கோ," என்றார் ரதி.

அந்த ஒரு விதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அகஸ்ரின் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். அவருடைய பாட்டனின் தகப்பன் பெயர் பஸ்ரியன். பஸ்ரியன் வழிவந்தவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு சங்கம் தொடங்கினார். பரிஸுக்கு ஒரு பொறுப்பாளர், சுவிசுக்கு ஒருவர், லண்டனுக்கு ஒருவர். சங்கம் விறுவிறுவென்று வளர்ந்தது. ஒஸ்லோவில் படிக்கப்போன பொடியன் ஒருவன் பனியில் வழுக்கிக் காலை முறித்தான். அவன் ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது, முன்பின் கண்டிராத ஒரு சித்தி சூப்போடு தலைமாட்டில் நின்றாராம். அந்தக் கதையை அகஸ்ரின் ஒரு வருடம் சொல்லித் திரிந்தார்.

குடும்பத்தில் யார் இறந்தாலும் மரண அறிவித்தல் எழுதுவதும் அவர்தான். இன்னாரின் மகள், இன்னாரின் தாயார், இன்னாரின் மாமியார் என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நாட்டையும் போட வேண்டும். ஒரு மருமகளின் பெயர் விடுபட்டதால் அண்ணனும் தம்பியும் சாகும்வரை பேசாமல் இருந்ததை அவர் கண்டிருக்கிறார். அவர் எழுதிய அறிவித்தலில் பெயர் விடுபட்டதென்று இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

சங்கத்துக்குத் தெரியாமல் அவர் வைத்திருந்த ஒரே உறவு வேரோனிக்கா, அவருடைய அக்காவின் ஒரே மகள். பரிஸில் இருந்தபோது கணவன் றொய்சன் அடிப்பான். கடைசித் தடவை அவன் அவளுடைய கழுத்தை நெரித்தபோது பிள்ளை அனோஜா கதவடியில் நின்று பார்த்தாள். தாயும் பிள்ளையும் தப்பி வந்து நகரின் மறுபக்கம் ரெக்ஸ்டேலில் ஒரு நிலக்கீழ் வீட்டில் இருந்தார்கள். தேடிப்பிடித்துக் கொல்லுவேன் என்று அவன் சொல்லியனுப்பியிருந்தான். அவள் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள் என்று சனம் கதைத்தது. அகஸ்ரின் அதைத் திருத்தவில்லை.

இந்த வருடம் மாசியில் ஊரில் அக்கா இறந்தார். வேரோனிக்கா தொலைபேசியில் அழுது முடித்த பிறகு சொன்னாள்.

"மாமா, அறிவித்தலிலை என்ரை பேர் வேண்டாம்."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? பெத்த தாய். உன்ரை பேர் இல்லாட்டி நீ செத்துப்போனாய் எண்டெல்லோ சனம் நினைக்கும்."

"நினைக்கட்டும். அதுதான் நல்லது."

அகஸ்ரின் அன்று பின்னேரம் எழுத உட்கார்ந்தார். மகள் என்ற இடம் வெறுமையாக இருந்தது. அக்கா பிள்ளையில்லாதவர் போல் தெரிந்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேரோனிக்கா, கனடா" என்று போட்டார். ஊர் போடவில்லை. கனடா எவ்வளவு பெரிய நாடு என்று நினைத்தார். மகளைப் போட்டபின் மருமகனைப் போடாவிட்டால் அதுவே ஒரு கதையாகும் என்று றொய்சனின் பெயரையும் போட்டார்.

ரதி வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது அது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவால் எல்லா நாட்டுக்கும் போய்விட்டது.

"என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஊர் போடேல்லைத்தானே."

"ஊரை உங்கடை சங்கம் போடும்."

அனுதாபங்கள் வரத் தொடங்கின. எல்லாம் அன்பானவை. வேரோனிக்கா கனடாவிலா, எங்களுக்குத் தெரியாமல் போச்சே, எந்தப் பக்கம், நாங்கள் ஒருக்கால் போய்ப் பார்க்க வேணும். பிரம்டனிலிருந்து ஒரு மச்சாள் அவளை ரெக்ஸ்டேலில் ஒரு மரக்கறிக் கடையில் கண்ட மாதிரி இருந்தது என்று எழுதினார். மூன்றாம் நாள் அதற்குக் கீழே இன்னொரு செய்தி வந்தது. "மாமியின்ரை முப்பத்தோராம் நாள் பூசைக்கு ரொறன்ரோ வாறன். றொய்சன்."

அவனும் பஸ்ரியன் வழிதான், தாய்ப் பக்கத்தால். பரிஸ் பொறுப்பாளர் அவனை எப்போதோ சேர்த்துவிட்டிருந்தார். சங்கம் வழக்கம்போல் வேலை செய்தது. ஒருவர் விமான நிலையத்துக்குக் கார் கொண்டு வருவதாகச் சொன்னார். ஒருவர் வீட்டில் அறை இருக்கிறது என்றார்.

அகஸ்ரின் பரிஸ் பொறுப்பாளரை அழைத்து, றொய்சன் கழுத்தை நெரித்ததைச் சொன்னார்.

"என்ன அண்ணை, அறிவித்தலிலை மருமகன் எண்டு நீங்கள்தானே போட்டனீங்கள்? இப்ப அவனைக் கொலைகாரன் எண்டுறியள். புருசன் பெண்சாதிக்குள்ளை ஆயிரம் இருக்கும். நாலு பெரியாக்கள் இருந்து கதைச்சா முடியிற விசயம்."

"பொலிஸுக்குப் போன் அடியுங்கோ," என்றார் ரதி.

"என்னெண்டு சொல்லுறது? மாமியின்ரை பூசைக்கு மருமகன் வாறான் எண்டோ?"

அவர் குழுவை அழித்தார். தேநீர் ஆறுவதற்குள் புதிய குழுவொன்று வந்தது. அகஸ்ரின் அண்ணைக்குக் கைதவறிப் போச்சு போல என்று எழுதி, அவரையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

ரெக்ஸ்டேலுக்குக் காரை விட்டார். நிலக்கீழ் வீட்டின் கதவு திறந்து கிடந்தது. வீட்டுக்காரர் உள்ளே நின்று சுவருக்குப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். முந்தாநாள் விடியவே போய்விட்டார்கள், எங்கே என்று சொல்லவில்லை என்றார். வேரோனிக்காவின் இலக்கம் வேலை செய்யவில்லை. அகஸ்ரின் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். அவள் நேரத்துக்குத் தப்பிவிட்டாள் என்று நினைத்தார். எங்கே போயிருப்பாள் என்று யாரிடமும் கேட்க முடியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

முப்பத்தோராம் நாள் கோயில் நிறைந்திருந்தது. மொன்றியலிலிருந்தும் கல்கரியிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். திருப்பலி முடிந்து கீழ் மண்டபத்தில் சாப்பாடு. வெள்ளைச் சட்டை, நன்றாக வாரிய தலை; றொய்சன் தட்டோடு வரிசை வரிசையாகப் போய்ப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுத்தான். தங்கமான பொடியன், அவளுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்று ஒரு அன்ரி சொன்னது கேட்டது.

அவன் அகஸ்ரினுக்கு முன்னால் குனிந்தான்.

"மாமா, பால் ரீயோ பிளேன் ரீயோ?"

"எனக்கு வேண்டாம்."

"அறிவித்தல் நல்லா எழுதியிருந்தியள். ஒருத்தரையும் விடேல்லை."

"அவை எங்கையெண்டு எனக்குத் தெரியாது றொய்சன். சத்தியமாத் தெரியாது."

"தெரியும் மாமா, உங்களுக்குத் தெரியாது எண்டு." ஒரு கோப்பையை எடுத்து அவர் கையில் வைத்தான். "எனக்கு அவசரமில்லை. எங்கடை ஆக்கள் இல்லாத ஊர் எங்கை கிடக்கு?"

தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான். அங்கே கல்கரிச் சித்தப்பா ஒருவர் அவனுடைய கையைப் பிடித்து நிறுத்தி, திரும்பிப் போக முதல் தங்களிடமும் வந்து ஒரு கிழமை நின்றுவிட்டுப் போகச் சொன்னார்.