கொலையில்லாத தொடரும் ஒரு மஞ்சள் முடிச்சும்

மரக்கதவு இழுபடும் ஓசை. நீளமாக ஒரு சர்ர்ர், முடிவில் சின்னதாக ஒரு டக். பக்கத்து அறையில் மகள் மறுபடியும் அந்த ஜப்பானியத் தொடரைப் போட்டிருக்கிறாள். கார்ட்டூன் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், அனிமே என்று சொல்லவேண்டும். ஒரு மேல்நிலைப் பள்ளியின் மாடியில் யாரும் சீண்டாத அறை ஒன்று இருக்கிறது. அதன் கதவு திறக்கிற ஓசை இது. இவ்வளவு சாதுவான ஓசையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஆனாலும் என் கை தானாக இடது மார்புக்குப் போய்விடுகிறது. பயப்பட இனி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி எத்தனையோ மாதமாகிவிட்டது. அந்தச் செய்தி உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

துப்பறியும் தொடர்தான் அது. ஆனால் கொலை கிடையாது, ரத்தம் கிடையாது, போலீஸ் ஜீப் கிடையாது. காட்டுப்பூக்களைச் சேகரிப்பதற்கென்று ஒரு மாணவர் சங்கம், அதில் நாலு பேர். ஒருவரும் ஒரு பூவையும் சேகரித்ததில்லை. மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்கும் உயரமான பெண். ரேடியோ மாதிரி பேசிக்கொண்டே இருக்கும் ஒருவன். எல்லாவற்றையும் நம்பமறுக்கும் கண்ணாடிக்காரி. கேட்காமலே தேநீர் போட்டுத்தரும் இன்னொருவன். மழையில்லாத நாளில் குடைத்தாங்கியில் ஈரக்குடை ஏன் இருக்கிறது? தினமும் காலையில் கரும்பலகையை யார் துடைத்துவைக்கிறார்கள்? இவ்வளவுதான் மர்மம். தூங்கிய பெண் எழுந்து, கொட்டாவிவிட்டு, விடையைச் சொல்வாள். விடை எப்போதும் யாரோ ஒருவரின் கூச்சமாகவோ சின்னதொரு அன்பாகவோ இருக்கும். பிறகு ஜன்னல், வெயில், தேநீரின் ஆவி.

போன வருடம் நான் இதைப் பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம், இடது மார்பில் விரலுக்குத் தட்டிய ஒரு கட்டி. பட்டாணி அளவு. அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஓடாமல் அங்கேயே நின்றது. நிற்பதுதான் கெட்டது என்று எங்கேயோ படித்திருந்தேன். ஸ்கேன் எடுத்தேன், ஊசி குத்தி எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஃபைலை அலுவலக மேசை இழுப்பறைக்குள் பூட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளை அழித்தேன். சாயங்காலம் ஸ்ரீராம்புரத்துச் சந்துக்குள் நுழைந்து வீட்டுக்கதவைத் திறந்ததும் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். யாரும் சாகாத ஓர் உலகத்தில் இருபது நிமிடம். அந்த நாலு பேரின் மேசையில் ஐந்தாவதாக எனக்கும் ஒரு முக்காலி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மகளோ திரையில் இருந்ததை வீட்டுக்குள் இறக்கிவிட்டாள்.

"அம்மா, எதிர்வீட்டு அங்கிள் ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் ஹெல்மெட் போட்டுக்கிட்டு மாடிக்குப் போறாரு?"

"பைக்க மாடியில நிறுத்தறாரோ என்னமோ."

"சும்மா இரும்மா. ஞாயிறுதான் அவர் டேங்க் கழுவற நாள். டேங்க் பக்கத்துல காக்கா கூடு கட்டியிருக்கு. மண்டையில கொத்துதும்மா!"

சிரித்தோம். சிரிக்கும்போதே உள்ளே ஒன்று எச்சரித்தது. இவள் கண் ஹெல்மெட்டோடு நிற்காது, ஒருநாள் உன் பக்கம் திரும்பும்.

திரும்பியது. அதற்கு வழியை நானே போட்டுக்கொடுத்தேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆபத்து என்றால் வெள்ளைத்துணியை மஞ்சளில் நனைத்து, ஒரு ரூபாயை அதில் முடிந்து, குலசாமியை வேண்டிக்கொண்டு சாமி மாடத்தில் வைப்போம். காரியம் நல்லபடி முடிந்தால் கோயிலுக்குப் போய் உண்டியலில் சேர்ப்போம். எனக்குச் சாமி மேல் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை, நான் எழுதும் கவிதைகளில் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். ஆனால் ஊசிச் சோதனைக்குத் தேதி கிடைத்த காலையில், குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் விரல்கள் மஞ்சளாக இருந்தன. முடிச்சு மாடத்தில் இருந்தது. ஃபைலைப் பூட்டி வைத்தவள், பயத்தை எடுத்து எல்லோரும் விளக்கேற்றும் இடத்தில் வைத்துவிட்டேன். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் தொடரின் பாதியில் மகள் நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். திரையில் தேநீர் ஆவி அப்படியே நின்றது.

"அம்மா, ஒரு கேஸ்."

"இப்ப யாரு? மேல்வீட்டு ஆன்ட்டியா?"

"நம்ம வீடு. மாடத்துல புதுசா ஒரு முடிச்சு இருக்கு. நான் கட்டல. அப்பா கட்டியிருக்க மாட்டாரு, அவருக்கு ஷூ லேஸே ஒழுங்கா கட்ட வராது."

"ஏய், அப்பாவ அப்படிச் சொல்லாத."

"அப்ப நீதான். எதுக்கு? எனக்கு எக்ஸாம் முடிஞ்சிருச்சு. அப்பா வேலையில ஒண்ணும் பிரச்சினை இல்ல, அத்திபெலே ஃபேக்டரிக்கு நேத்துகூட ஓவர்டைம் போனாரு. பாட்டி, தாத்தா யாருக்கும் உடம்பு சரியில்லன்னு போன் வரல."

தூங்கும் பெண்ணின் அதே நிதானத்தோடு விரலை மடக்கிக்கொண்டே போனாள். நிறுத்து, கண்ணே, அந்த விரலை மடக்காதே. மனசுக்குள்தான் சொன்னேன்.

"நீ எப்பவும் பேக இடது தோள்ல மாட்டுவ. இப்ப வலது. இடது பக்கம் திரும்பிப் படுக்கமாட்டேங்கற. பாத்ரூம்ல தண்ணி விழற சத்தம் நின்னப்பறமும் ரொம்ப நேரம் வெளிய வரமாட்டேங்கற."

"ஆபீஸ்ல டென்ஷன்டி. அதுக்குத்தான் முடிஞ்சு வெச்சேன்."

"பொய்."

ஒரே சொல். அதைச் சொன்னதும் அவள் குரலில் இருந்த நிதானம் உதிர்ந்துபோனது. முகம் சின்னதாகி, ஐந்து வயதுக்குப் போய், திரும்பி வந்தது. தொடரில் விடை கண்டுபிடித்ததும் எல்லோரும் மூச்சை விடுவார்கள். இங்கே கண்டுபிடித்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"நான் சொன்னது கரெக்டா, தப்பான்னு இப்ப சொல்லாதம்மா. ப்ளீஸ். இந்த எபிசோட் முடியட்டும்."

பட்டனை அழுத்தினாள். ஆவி மேலே எழுந்தது. நாலு பேரும் எதற்கோ சிரித்தார்கள். எங்கள் இருவரின் முழங்கைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த மிச்ச நிமிடங்களைப்போல நீளமான எதையும் நான் பார்த்ததில்லை, அவ்வளவு சீக்கிரம் முடிந்துபோன எதையும்கூட. முடிவுப்பாட்டு வந்தது. அவள் என் இடது தோளைத் தொடப்போய், தொடாமல், சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். சொன்னேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பயம் பங்கு போடப்பட்டது. ஆனால் யாருக்கும் குறையவில்லை. கணவர் கேட்டுவிட்டு, ஏற்கனவே நிரம்பியிருந்த காவேரித் தண்ணி டிரம்மின் மூடியைத் திறந்து திறந்து பார்த்தார். மகள் தொடரை மூடி வைத்தாள். கேள்விகளையும் நிறுத்திவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் ஹெல்மெட்டோடு ஏறினார், காக்கை கத்தியது, அவள் ஜன்னல் பக்கமே போகவில்லை. ஊசிச் சோதனையில் தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள். கட்டியை முழுதாக எடுத்துப் பார்த்தால்தான் சொல்லமுடியும்.

அறுவைக்குப் போன காலையில் வார்டெல்லாம் ஃபினாயில் வாடை. பச்சை அங்கி, முதுகில் நாடா. நகையெல்லாம் கழற்றவேண்டும். மூக்குத்தி மட்டும் வரவில்லை, கல்யாணத்துக்கு முன்னால் போட்டது, சதையோடு கெட்டிப்பட்டிருந்தது. மகள் சோப்பு நுரையைத் தடவித் திருகினாள்.

"வலிக்குதா?"

"மூக்குதான. பிடுங்கு."

"உன் மூக்கு சின்னதா இருந்தா ஈசியா வந்திருக்கும்."

"அதே மூக்குதான்டி உனக்கும்."

வந்துவிட்டது. துளி ரத்தம். அதைப் பார்த்ததும் அவளுக்கு உதடு கோணியது.

கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். தள்ளுப்படுக்கை வந்தது. "ஹெதர்பேடிம்மா," என்றாள் நர்ஸ், பயப்படாதீங்க என்று கன்னடத்தில். விளக்குகள் தலைக்குமேல் ஓடின. இரட்டைக்கதவுக்கு முன்னால் படுக்கை நின்றது, அதற்குமேல் மகள் வரக்கூடாது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தாய் கேட்கக்கூடாத கேள்விதான். கேட்டுவிட்டேன்.

"நீ சொல்லுடி. எல்லாத்தையும் கண்டுபிடிப்பியே. என்னவா இருக்கும்?"

என்னையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"தெரியலம்மா. நெஜமாவே தெரியல. நீ போயிட்டு வா, நான் இங்கியேதான் நிப்பேன்."