ஓடாத வண்டிக்கு வரி

சிங்காநல்லூர் மில் சுவரை ஒட்டிய லைன் வீடுகளில், மயிலாத்தாளுக்கு ஒரு சக்களத்தி உண்டு என்று பெண்கள் கேலி பேசுவார்கள். அவர்கள் சொன்னது வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நிற்கும் நீல மெட்டடார் வேனை. அவள் புருஷன் அப்புசாமி காலையில் எழுந்து தன் முகத்தைக் கழுவுகிறானோ இல்லையோ, அதன் கண்ணாடியைக் கழுவிவிடுவான்.

"உனக்கு என்னைக்காச்சும் ஒரு மொழம் பூ வாங்கியாந்திருப்பாரா? அவளுக்குப் பாரு, வெள்ளிக்கெழம தவறாம மாலை" என்பாள் பக்கத்து வீட்டு ராசம்மாள்.

மயிலாத்தாளும் சேர்ந்து சிரிப்பாள். வண்டி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கிணத்துக்கடவுப் பிறந்த வீட்டில் அவளுக்குப் போட்டு அனுப்பிய நகையில் பாதி அந்த வண்டியாக மாறியிருந்தது. மில்லிலிருந்து நூல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அவிநாசிப் பக்கத்துத் தறிக் குடோன்களுக்குப் போய்வருவான் அப்புசாமி. பெரிய வசதி இல்லாவிட்டாலும் வீட்டில் அடுப்பு அணைந்ததில்லை.

பிறகு மில்லை மூடினார்கள். ஒரு வாரம்தான் என்றார்கள் முதலில். தீபாவளி கழித்துத் திறப்பார்கள் என்றார்கள். அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புசாமி வேறு லோடு தேடி அலைந்தான். இருக்கிற மில்களுக்குச் சொந்த வண்டி இருந்தது. இல்லாத இடங்களில் இவனுக்கு முன்னாலேயே நாலு பேர் வாடகையைக் குறைத்துக்கொண்டு நின்றார்கள். மயிலாத்தாள் வீட்டில் ஒரு கிரைண்டரைப் போட்டு இட்லி மாவு விற்கத் தொடங்கினாள். குடும்பம் அதில் ஓடியது.

வண்டி நின்றாலும் வரி நிற்கவில்லை. காலாண்டு பிறந்தால் அப்புசாமி வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கிளம்பிவிடுவான். அரை நாள் வரிசையில் நின்று சாலை வரியைக் கட்டி, டோக்கனை வாங்கி வந்து கண்ணாடியில் ஒட்டுவான். ஒட்டியபின் நாலடி தள்ளி நின்று பார்ப்பான். "ஒரு நாள் பாக்கி வெச்சதில்ல மயிலா" என்பான். அது மாவு விற்ற காசு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

கிணத்துக்கடவில் தேங்காய்க் களம் வைத்திருந்த அவளுடைய அண்ணன் நஞ்சுண்டன், களத்துக்கு ராத்திரிக் காவலுக்கு ஆள் வேண்டும், மாப்பிள்ளை வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினான்.

"சொந்த வண்டி வெச்சிருக்கறவன் வாட்ச்மேன் வேலைக்குப் போறதா?" என்றான் அப்புசாமி.

அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. இந்த வண்டி வாசலில் நிற்கிற வரை இந்த மனுஷன் வேறு எங்கும் நகரமாட்டான். வண்டி போனால்தான் ஆள் பிழைப்பான்.

உக்கடத்தில் பழைய வண்டி புரோக்கர் ஷாஹுலை அவளுக்குத் தெரியும். அவன் சம்சாரம் அவளிடம் மாவு வாங்குகிறவள். ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் போய் அவனைப் பார்த்தாள்.

"விக்கலாங்க்கா. ஆனா உங்க வீட்டுக் கவுண்டருக்கு மனசு வரணுமே" என்றான் ஷாஹுல். "மொதல்ல ஸ்டாப்பேஜ் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. வண்டிய ஓட்டலை, இன்ன எடத்துல நிறுத்தியிருக்கேன்னு காலாண்டு பொறக்கறதுக்கு முன்னால எழுதிக் குடுத்து, ஆர்.சி. புக்கை ஒப்படைச்சுட்டா அந்தக் காலாண்டுக்கு வரி இல்ல. வரிச் செலவாவது மிஞ்சும். நான் அதுக்குள்ள ஒரு ஆளப் புடிக்கிறேன். ஆளு வந்து கேட்டா, ஓடற வண்டின்னே சொல்லோணும். நின்ன வண்டின்னா இரும்பு வெலைதான் தருவாங்க."

ஸ்டாப்பேஜுக்கு அப்புசாமியைச் சம்மதிக்க வைக்க ஒரு மாசம் ஆனது. "நின்னுபோச்சுன்னு நானே எழுதிக் குடுக்கறதா?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஆபீசுலிருந்து வந்து பாப்பாங்களாம், வண்டி நெசமாவே நிக்குதான்னு" என்று மட்டும் சொன்னான். வாரக்கணக்கில் யாரும் வரவில்லை. அவளும் அதை மறந்துவிட்டாள்.

ஒரு நாள் காலை அப்புசாமி டவுனுக்குப் போயிருந்தபோது ஸ்கூட்டரில் ஒருவர் வந்து இறங்கினார். கட்டம் போட்ட சட்டை, கையில் ரெக்சின் பை. நேரே வண்டியிடம் போய் ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து டயரைப் பார்த்தார். கண்ணாடி வழியாக மீட்டரை எட்டிப்பார்த்தார். மயிலாத்தாள் மாவுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.

"ஏனுங்க, யாரு வேணுமுங்க?"

"வண்டி உங்களதுங்களாம்மா? பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஷாஹுல் சொன்ன ஆள் வந்துவிட்டார் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

"வண்டி ஓடுதுங்களா?" என்றார் அவர்.

"ஏனுங்க ஓடாம? முந்தாநேத்துக்கூட அவிநாசி போயிட்டு வந்துச்சுங்க." பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "எவ்வளவு பாரம் ஏத்துனாலும் மூச்சு வாங்காதுங்க. போன வாரம் பொள்ளாச்சிக்குத் தேங்கா ஏத்திக்கிட்டுப் போச்சு."

"பொள்ளாச்சிக்கேங்களா தேங்கா?"

"அங்கிருந்து இங்கீங்க."

அவர் சிரித்துவிட்டார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினார். பேர் கேட்டார். கையெழுத்துப் போடச் சொன்னார். வண்டி பார்க்க வந்தவருக்குக் கையெழுத்து எதற்கு என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. முதலாளி அனுப்பிய ஆளாக இருக்கும், போய்க் கணக்குக் காட்ட வேண்டாமா என்று நினைத்துக்கொண்டாள். அவள் படித்த படிப்பு கையெழுத்துவரைக்கும்தான். போட்டுக் கொடுத்தாள். வெயிலில் வந்தவர் என்று ஒரு சொம்பு மோரும் கொடுத்தாள்.

சாயங்காலம் ஷாஹுல் வந்தான். கூடவே சென்னகேசவன் என்று காரமடைப் பக்கத்துக் காய்கறி வியாபாரி.

"மறுக்காவும் பாக்கோணுங்களா?" என்றாள் மயிலாத்தாள். "காலைல நீங்க அனுப்பிச்ச ஆளு எல்லாம் பாத்து எழுதிக்கிட்டுப் போனாரே."

"நான் யாரையும் அனுப்பலீங்களே அக்கா." ஷாஹுல் முகம் மாறியது. "என்ன எழுதினாரு?"

"வண்டி ஓடுதுன்னு."

"கையெழுத்து?"

"போட்டுக் குடுத்தேன்."

ஷாஹுல் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டான். "ஸ்டாப்பேஜ் வண்டியப் பாக்க ஆபீசுல இருந்து வருவாங்கன்னு கவுண்டர் சொல்லலீங்களா?"

"சொன்னாரு தம்பி. அவுங்கன்னா காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு ஜீப்புலல்ல வருவாங்கன்னு இருந்தேன்."

அந்த நேரம் பார்த்து அப்புசாமி வந்து சேர்ந்தான். தன் வண்டியைச் சுற்றி மூன்று பேர் இருப்பதைப் பார்த்தான். புரோக்கர் எதற்கு வருவான் என்று அவனுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. காலையில் நடந்ததை மட்டும் ஷாஹுல் தணிந்த குரலில் சொன்னான். அப்புசாமி கேட்டுக்கொண்டான். பிறகு சென்னகேசவனைப் பார்த்து, "தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. சாப்புட்டுட்டுப் போலாமுங்க" என்றான். அவர் இன்னொரு நாளைக்கு ஆகட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாப்பிட உட்கார்ந்தபோது அப்புசாமி சொன்னான்: "இத்தன வருசத்துல நீ பொய் சொல்லி நான் கேட்டதில்ல. ஒண்ணே ஒண்ணு சொன்னே. அதையும் கவுர்மெண்டுகிட்டப் போய்ச் சொல்லிப்போட்டே."

"உங்களுக்குச் சொல்லாம ஷாஹுல் பாயைக் கூப்புட்டனே, அது என்னதுங்க?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இரண்டு பேரும் ஆபீசுக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாளை எடுத்துப் படித்தார். "வண்டி அவிநாசி போச்சு, பொள்ளாச்சி போச்சுன்னு உங்க வீட்டம்மாவே சொல்லி, கையெழுத்தும் போட்டிருக்காங்களே."

"பொய் சொல்லிப்போட்டனுங்க" என்றாள் மயிலாத்தாள்.

"எதும்மா பொய்? அன்னைக்குச் சொன்னதா, இப்பச் சொல்றதா?"

அவர் கெட்ட மனுஷராகத் தெரியவில்லை. அலுத்துப்போனவராகத்தான் தெரிந்தார். ஸ்டாப்பேஜ் செல்லாது என்றார். வரியும் அபராதமும் கட்டினால்தான் ஆர்.சி. புக் கைக்கு வரும். புக் இல்லாமல் வண்டியை யார் பேருக்கும் மாற்ற முடியாது. சென்னகேசவன் எத்தனை நாள் காத்திருப்பார்? ஷாஹுலிடமே வேறொரு வண்டியை முடித்துக்கொண்டார்.

திரும்பி வந்த மறுநாள் அப்புசாமி ஒரு பையில் இரண்டு வேட்டியும் போர்வையும் எடுத்து வைத்தான்.

"எங்கீங்க?"

"உங்கண்ணன் களத்துக்கு. பாக்கியக் கட்டோணுமல்லோ."

எந்த வேலைக்கு அவன் போகவேண்டும் என்று அவள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாளோ அதே வேலைக்குத்தான் போனான். ஆனால் அவள் நினைத்தபடி வண்டியை விட்டுவிட்டுப் போகவில்லை. வண்டிக்காகப் போனான். மாசச் சம்பளத்தில் பஸ் செலவு போக மீதி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனது. பழைய பாக்கி தீர்வதற்குள் அடுத்த காலாண்டு வந்து நின்றது.

"இன்னொருக்கா ஸ்டாப்பேஜ் எழுதிக் குடுக்கலாமுங்களே. இந்தத் தடவ நான் வாயே தொறக்கறதில்லீங்க" என்று கேட்டுப் பார்த்தாள்.

"வேண்டாம் மயிலா. ஓடற வண்டின்னே இருந்துட்டுப் போகட்டும்."

கவனிக்க ஆளில்லாமல் பேட்டரி செத்தது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டது. ஷாஹுல் ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, விலை எதுவும் சொல்லாமல் அரைப்படி மாவு வாங்கிக்கொண்டு போனான். லைன் வீட்டுப் பெண்கள் இப்போது வண்டியைப் பற்றிக் கேலி பேசுவதில்லை.

இரவெல்லாம் விழித்திருக்கிறவனை எப்படி வரிசையில் நிற்கச் சொல்வது? அதனால் வரி கட்டப் போகிறவள் இப்போது மயிலாத்தாள்தான். கிரைண்டரைக் கழுவி வைத்துவிட்டு, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விடுவாள். அந்த வரிசையில் பெண்கள் அபூர்வம். ஒரு முறை பின்னால் நின்ற லாரிக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"என்ன வண்டிங்க்கா?"

"மெட்டடாருங்க."

"லோடெல்லாம் எப்படிங்க?"

"லோடு இல்லீங்க. நின்னுக்கிட்டிருக்குது."

"நிக்கற வண்டிக்கு எதுக்குங்க்கா வரி கட்டறீங்க?"

மயிலாத்தாள் முந்தானையில் முடிந்திருந்த பணத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். முன்னால் இருந்தவர் ஓரடி நகர்ந்தார். அவளும் நகர்ந்தாள்.