முப்பத்தெட்டுப் பூட்டுகள்

‘பெண். வயது பதினொன்று. நீல நிறம் பிடிக்கும்.’ அந்தக் குழந்தையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுபோல முப்பத்தெட்டுச் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு, டிசம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் புனேயின் கேம்ப் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது கடைக்குள் நான் நுழைந்ததற்குக் காரணம் அங்கே விற்ற பொருள் எதுவும் அல்ல. கல்லாவுக்கு முன்னால் ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. உள்ளேயிருந்து யாரோ தமிழில் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கால் கடுத்துப் போனவளுக்கு அந்த இரண்டும் போதுமாக இருந்தன.

சத்தம் போட்டவர்தான் லாத்தா. காயல்பட்டினத்தில் பிறந்து, கல்யாணமாகிப் புனே வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. கணவர் தவறிய பிறகு கடையைத் தானே பார்த்துக்கொண்டார். நோட்டு, பேனா, குடை, டார்ச், டிபன் டப்பா, பொம்மை என்று எல்லாம் கலந்து கிடக்கும் கடை. அவர்கள் ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள். கேம்பில் அந்தத் தெருவில் மராத்திக்காரர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கோயம்புத்தூர்க்காரியான எனக்கும் பத்து நிமிஷத்தில் அவர் லாத்தாவாகிவிட்டார்.

நான் மகர்பட்டாவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். ஆண்டு முடிவில் ஏதாவது ஒரு விடுதிக் குழந்தைகளுக்குப் பரிசு கொடுப்பது எங்கள் அலுவலக வழக்கம். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், அந்த வேலை என் மேசைக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டது. கோந்த்வாவைத் தாண்டி ஒரு பெண்கள் விடுதி. கட்டட வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்களின் பிள்ளைகள், பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரை. பெயரைச் சொல்ல மாட்டார்கள். முன்கூட்டியே பார்க்கவும் விட மாட்டார்கள். தலைக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. எனக்குக் குழந்தைகள் இல்லை. அந்த வயதில் எனக்கு என்ன பிடித்திருந்தது என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றுமே நினைவுக்கு வராது.

அதற்கு முந்தைய வருஷம்தான் முதல் தடவை. எல்லோருக்கும் கிரயான் பெட்டியும் வண்ணம் தீட்டும் புத்தகமும் ஒரு சின்னக் கரடி பொம்மையும் வாங்கிக்கொண்டு போனேன். பிள்ளைகள் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி நன்றி சொன்னார்கள். விடுதிச் சமையற்காரம்மாவுக்கு நான்கு வயதில் ஒரு மகள் உண்டு. கிளம்பும்போது பார்த்தேன், உயரமான ஒரு பெண் தன் கரடியை அந்தச் சின்னவளின் மடியில் வைத்து, “இது உன் சைஸுக்குத்தான் சரி” என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. நான் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் ஏழெட்டுக் கரடிகள் அந்தக் குழந்தையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. யாரும் என்னைக் கேலி செய்யவில்லை, மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

இதையெல்லாம் லாத்தாவிடம் எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. அவர் சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ‘நீலம் பிடிக்கும்.’ ‘பூனை பிடிக்கும்.’ ‘எல்லாம் பிடிக்கும்.’

“இது புள்ளைங்க எழுதுனது இல்ல,” என்றார். “யாரோ ஒருத்தி ஒரே இருப்புல உக்காந்து எழுதியிருக்கா. எல்லாம் ஒரே கையெழுத்து பாருங்க.”

அதுவரை அது என் கண்ணில் படவே இல்லை.

“அப்ப என்னதாங்க வாங்கறது?”

“இந்த வயசுப் புள்ளைகிட்ட என்ன வேணும்னு கேட்டா, அம்மா மூஞ்சியப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லும். நான் கேக்க மாட்டேன். அம்மா சாமானப் பையில கட்டச் சொல்லி இங்கிட்டு நிப்பா பாருங்க, அந்நேரம் புள்ள கை எதைத் தொடுதுன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். பொம்மையத் தொடாது, தங்கச்சி. டார்ச்சத் தொடும். அளக்குற டேப்பை இழுத்து இழுத்துப் பாக்கும். பெரியவங்க பேனாவ எடுத்து மூடியக் கழட்டும். எல்லாத்துக்கும் மேல,” என்று எழுந்து போய், கதவோரம் கொக்கியில் தொங்கிய கொத்து ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். “இந்தத் தாலா.”

சின்னப் பித்தளைப் பூட்டுகள். தாலா என்ற இந்திச் சொல்தான் அவர் வாயில் தமிழாகியிருந்தது.

“ஒரு ஹால்ல முப்பத்தெட்டுப் பேரு. அதுகளுக்கு சொந்தம்னு ஒரு மூலை இருக்காது. டப்பாவும் தாலாவும் குடுங்க. உள்ள என்ன வைக்கணும்னு அதுக பாத்துக்கும்.”

மேலே கொண்டி வைத்த தகரப் பெட்டி, அகலத்தில் பள்ளி நோட்டு அளவு. பழைய ஸ்டாக் என்று விலையைக் குறைத்துப் போட்டார். பூட்டும் சேர்த்து என் கணக்குக்குள் அடங்கியது. ஆட்டோவில் மூட்டையோடு திரும்பும்போது, ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்ட நிம்மதியை வெகு நாளைக்குப் பிறகு உணர்ந்தேன்.

அது இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. முன்கூட்டியே காட்டக் கொண்டுபோனபோது, விடுதிப் பொறுப்பாளர் அம்மையார் பூட்டைப் பார்த்ததுமே மறுத்துத் தலையசைத்துவிட்டார். கெட்டவர் அல்ல. பதினைந்து வருஷமாக அந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் பேனும் பரீட்சையும் பார்த்துக் களைத்தவர். ஒரு பிள்ளை காய்ச்சல் மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்ததை முந்தைய மாதம்தான் கண்டுபிடித்திருக்கிறார். “பெட்டி சரி. பூட்டு வேண்டாம். ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான்” என்றார். அவர் சொன்னதில் தப்பு என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. சரி மேடம் என்றேன்.

பூட்டுகளைத் திருப்பிக் கொடுக்கக் கேம்புக்குப் போனேன். லாத்தா பூட்டுகள் இருந்த கவரை வாங்கவில்லை.

“நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?”

“சரின்னு சொல்லிட்டேங்க.”

“சரின்னு பட்டதால சொன்னீங்களா, வீட்டுக்குப் போனாப் போதும்னு சொன்னீங்களா?”

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உடம்பு மூடத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். அப்போதே அவருக்கு முழங்கால் தொந்தரவு இருந்தது. ஆட்டோவில் ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டார். வழி முழுக்க என்னென்ன வாதம் வைக்கப் போகிறாரோ என்று எனக்குப் பதற்றம்.

அவர் வாதமே செய்யவில்லை. அந்த அம்மையாருக்கு எதிரே உட்கார்ந்து, விடுதியில் எத்தனை பேர், யார் சமையல், தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று அரைமணி நேரம் இந்தியில் விசாரித்தார். இருவரும் மூட்டுவலிக்குத் தைலம் பரிமாறிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். அப்புறம் போகிற போக்கில் கேட்டார்.

“பெஹன், உங்க பீரோ சாவி எங்க வச்சிருக்கீங்க?”

அம்மையாரின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது. புடவை மடிப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைத் தொட்ட பிறகுதான், தன் கை அங்கே இருப்பதை அவரே கவனித்தார். வெளியே பிள்ளைகள் துணி அலசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மையார் சாவிக்கொத்திலிருந்து கையை எடுத்து, “ஒரு பூட்டுக்கு எத்தனை சாவி?” என்றார்.

“ரெண்டு.”

“ஒன்று என்னிடம் இருக்கட்டும்.”

“இருக்கட்டும். ஆனா அந்தப் புள்ள பக்கத்துல நிக்கும்போதுதான் திறக்கணும்.”

அம்மையார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “ம்” என்றார்.

கொடுக்கும் நாளன்று அலுவலகத்திலிருந்து புகைப்படம் எடுக்க ஒருவரை அனுப்பியிருந்தார்கள். அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஒரு பிள்ளையும் துள்ளவில்லை, கைதட்டவில்லை. பெட்டியை வாங்கியதும் ஒவ்வொருத்தியும் தன் கட்டிலுக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கூடம் முழுக்கப் பூட்டு திறந்து மூடும் ‘டிக்’, ‘டிக்’ ஓசை மட்டும். “மேடம், கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள்” என்று அவர் என்னிடம் கெஞ்சினார். நான் சொல்லவில்லை.

முந்தைய வருஷம் கரடியைத் தானம் செய்த உயரமான பெண் மட்டும் என்னிடம் வந்தாள். “தீதி, இதற்குள் என்ன வைக்க வேண்டும்?” என்று இந்தியில் கேட்டாள்.

“உன் இஷ்டம்.”

“மேடமிடம் சொல்ல வேண்டுமா?”

“வேண்டாம்.”

“உங்களிடம்?”

“என்னிடமும் வேண்டாம்.”

நான் ஏதோ விளையாடுகிறேனா என்று ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் கட்டிலுக்குப் போய்விட்டாள். அந்தப் பெட்டிகளில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புகைப்படங்கள் சோபிக்கவில்லை என்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து ஏற்பாடு மாறியது. யாரும் கடைக்கும் போக வேண்டாம், விடுதிக்கும் போக வேண்டாம். கணினியில் ‘9 – 12 வயது’ என்ற கட்டத்தைத் தட்டினால் பொருள்கள் வரிசையாக வரும். விலைக்குள் அடங்குவதைத் தேர்ந்தெடுத்தால், அட்டைப்பெட்டிகள் நேராக அங்கே போய் இறங்கிவிடும். அதையும் நான்தான் செய்தேன். ஐந்து வருஷம் செய்தேன். நட்சத்திரம் அதிகம் வாங்கிய பொருளாகப் பார்த்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடுவேன். பிடித்ததா என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சுலபமான வேலைதான். ஆனாலும் கேம்பில் நாள் முழுக்க அலைந்தபோது வராத அலுப்பு, நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த அரைமணி நேரத்தில் வரும்.

இந்த வருஷம் மின்னஞ்சல் வந்தபோது, முதன்முறையாக, என்னால் முடியாது என்று பதில் எழுதினேன். காரணம் எதுவும் எழுதவில்லை. யாரும் கேட்கவுமில்லை. வேலை வேறொருவர் மேசைக்குப் போனது. இத்தனை சுலபமா என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாத்தாவைப் பார்க்கப் போனேன். முழங்கால் மோசமானதும் கடையைக் கொடுத்துவிட்டார். கேம்பில் அந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். கோந்த்வாவில் மகள் வீட்டில் இருக்கிறார். மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. கீழே இறங்கி நான்கு மாதம் ஆகிறது என்றார். சின்னக் கூடம். குக்கர் விசில், டிவி, பேரப்பிள்ளைகளின் சண்டை, எல்லாம் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.

“புள்ளைங்களுக்கு இந்த வருஷம் என்ன எடுத்தீங்க?”

“நான் எடுக்கலீங்க லாத்தா. முடியலன்னு சொல்லிட்டேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“சரி. என்ன வேணும் ஒங்களுக்கு? டீயா, சர்பத்தா?”

டீ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமாங்க?”

சொன்ன பிறகுதான் வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, இன்னொருவர் வீட்டுக்கு வந்து, ஐம்பதை நெருங்குகிற பெண் கேட்கிற கேள்வியா அது? லாத்தா ஆச்சரியப்படவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, உள்ளறைக்குக் கூட்டிப்போய், தலையணை உறையைத் தட்டிப் போட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

“யாரும் கதவத் தொறக்கக் கூடாது. சொல்லிட்டேன்,” என்று பேரப்பிள்ளைகளை அதட்டும் குரல் கேட்டது. டிவியின் சத்தம் குறைந்தது. ஒருவரும் திறக்கவில்லை. சாயங்காலம் வரை தூங்கினேன்.