கூடையில் காரல் விழுந்த மாதங்கள்

முதலில் வெறும் சளி என்றுதான் நினைத்தேன். துடுப்புப் போடும்போது இருமி, கடலில் துப்பினேன். தண்ணீரில் சிவப்பாய் ஒரு இழை போனது. வெற்றிலைச் சாறாக இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அன்றைக்கு நான் வெற்றிலையே போடவில்லை.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், நுரையீரலை அரிக்கும் சயரோகம் என்றார். "இப்ப ஊசி வந்திருக்கு, பொழச்சுக்கலாம். பல மாசம் போடணும். நடுவுல நிறுத்தக் கூடாது." பிழைப்பேன் என்பது என் காதில் ஏறவில்லை. பல மாதம் என்பதுதான் ஏறியது.

எங்கள் மீமிசல் கரையில் நோய்க்கூடை என்று ஒன்று உண்டு. கரையேறும் ஒவ்வொரு வள்ளமும், வலையில் முதலில் கைக்கு வரும் மீனை, சின்னதோ பெரியதோ பார்க்காமல், அதில் போட வேண்டும். ஏலம் விட்ட காசு, படுத்தவர் வைத்தியத்துக்கு. காய்ச்சல், கை முறிவு என்று சீக்கிரம் எழுந்துவிடுகிறவர்களுக்காக ஏற்பட்ட கூடை அது. என்னைப் போல் படுத்தே கிடப்பவனை அது கண்டதில்லை.

முதலில் சீலா, பாறை என்று பெரிய மீன்களாய் விழுந்தன. போகப் போக மீன் சிறுத்தது. மழைக்காலத்தில் வெறும் காரல்தான், முள்ளாய் இருக்கும் பொடி மீன். என் மனைவி பஞ்சவர்ணம், "எல்லாரு கைக்கும் மொதல்ல காரலேதான் வருது போல" என்றாள்.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுக் கருப்பையா காலில் திருக்கை மீனின் விஷ முள் ஏறியது. கூடைக் காசு என் ஊசிக்குப் போயிருந்தது. அவன் பெண்டாட்டி அடகு வைக்கக் காதுத் தோட்டைக் கழற்றியதை வேலிக்கு இங்கிட்டு நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் ஊசிக்குப் போகவில்லை. இருமலும் நின்றிருந்தது. "டாக்டரே போதும்னுட்டாரு" என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். கூடையில் மறுபடி பாறை விழுந்தது. பார்க்க நிம்மதியாகக்கூட இருந்தது.

பொங்கலுக்கு முன்பு வாய் நிறைய ரத்தம் வந்தது. டாக்டர் திட்டவில்லை. "முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார். கூடையைக் காப்பாற்றப் போய், அதையே இரண்டாம் முறை காலி செய்ய வந்து நின்றேன்.

கூடையைப் பற்றிப் பேச ஊர் கூடியபோது என் தலை நிமிரவில்லை. கருப்பையா நொண்டிக்கொண்டே வந்தான்.

"ஏன் மச்சான், எங்க காரலு ஒனக்குக் கசந்துச்சோ? இந்தத் தடவ பாதியில நிப்பாட்டிப் பாரு, ஒன்னையே ஏலத்துல விட்டுருவோம்."

சிரித்தார்கள். பிறகு ஒரு வழியும் சொன்னான்: இனிமேல் வள்ளக்காரர் மீனை எடுக்க வேண்டாம், கரையில் நிற்கிற வேறொருவர் பார்க்காமல் கைவிட்டு எடுக்கட்டும். அப்படியே ஆயிற்று. கூடை தாங்கியது. நானும் ஊசியை முடித்தேன்.

அடுத்தவர் மீனில் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடேயே ஊசிக்குப் போங்கள்.

இப்போது துடுப்புப் போட நெஞ்சு இடம் கொடுப்பதில்லை. மீன் எடுக்கும் வேலை எனக்கு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வலைக்குள் கைவிடுவேன். பெரிய சீலா தட்டினால், வள்ளக்காரன் பிழைப்பாயிற்றே என்று கை கூசும். விட்டுவிட்டுக் காரலைத் தேடத் தோன்றும். ஒரு மூச்சு இழுக்கும் நேரந்தான். அந்த மூச்சு முழுதாக உள்ளே போகிறது. சீலாவை எடுத்துக் கூடையில் போடுகிறேன்.