கல்பாவுக்குப் போன ஆடாத கத்தி

ஆகஸ்ட் மாதம், சனிக்கிழமை, காலை ஐந்து பத்து. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்து பிக்கப் கிளம்பியது. கல்பா மீன்பிடித் துறைமுகம் வரை நூற்றுப் பத்து கிலோமீட்டர் சொச்சம். வண்டி ஓட்டியவர் நவாப் கான். பெஷாவர்க்காரர், எங்கள் கம்பெனியில் பத்து வருஷமாக டிரைவர். என் மடியில் பூட்டிய பெட்டி ஒன்று. அதற்குள் நான் வரைந்து, பக்கத்திலேயே நின்று செய்ய வைத்த ஒரு கத்தி. கூடவே கம்பெனி முத்திரை வைத்த கடிதம். இந்த வகைக் கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிய இங்கே முடியாது. வேலைக்கான கருவிதான் என்று சொல்லக் காகிதம் வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டிராயிங் செக்‌ஷனில் ஆரம்பித்தவள், பதினாறு வருஷமாக ஷார்ஜாவில் டூல் டிசைன் செய்கிறேன். "உன்ற டிராயிங்ல தப்புக் கண்டுபுடிக்கிற ஆளு இன்னும் பொறக்கலையாக்கும்" என்று என் கணவர் கேலி செய்வார். நான் அதை மறுத்ததே இல்லை.

போன மாதம் இதே போல ஒரு கத்தி செய்து கல்பாவுக்கு அனுப்பியிருந்தேன். வாங்கியவர் செல்வின், கன்னியாகுமரி கடற்கரைக்காரர், அங்கே ஒரு அரபியின் படகில் வேலை. மூன்று வாரம் கழித்துப் புதன்கிழமை போன் வந்தது. "எக்கா, கத்தி பாதி வந்து நிக்குது. சனிக்கிழம அர்பாப் டெஸ்ட் வச்சிருக்காரு. நீங்க வந்தாத்தான் ஆகும்." அர்பாப் என்றால் படகு முதலாளி. உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்து எண்ணெய் காட்டாமல் விட்டிருப்பார், அதுதான் கோளாறு என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதை எல்லோர் முன்னாலும் நிரூபிக்கவே, அதே அளவில் இன்னொரு கத்தி செய்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஆறு மணி. மலீஹா தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். கரக் டீ ஒன்று ஒன்றரை திர்ஹாம். வெளியே செம்மண் நிற மணல்மேடுகளில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. நவாப் கான் பெட்டியைப் பார்த்து, "மேடம், இஸ்மே ஐஸா க்யா ஹை?" என்று கேட்டார். அப்படி என்னதான் இருக்கிறது உள்ளே என்று ஒருவர் கேட்டுவிட்டால் என்னை நிறுத்துவது கஷ்டம். பெட்டியைத் திறந்து காட்டினேன்.

இந்தக் கத்தி மடங்குவதில்லை. அலகு கைப்பிடிக்குள் நேராகப் படுத்திருக்கும், முன்வாய் வழியாக நேராக வெளியே வரும். கைப்பிடியின் மேல் ஒரு பட்டன். அதைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால் அலகு உடனே நகராது. பின்னாலிருக்கும் சின்னப் பூட்டு ஒன்று அதைப் பிடித்திருக்கும். பட்டனோடு சேர்ந்த தகடு மட்டும் நகர்ந்து ஸ்பிரிங்கை இழுக்கும். தகடு கடைசி மில்லிமீட்டருக்கு வரும்போது அதிலுள்ள சரிவு பூட்டை ஒதுக்கிவிடும். விடுபட்ட அலகு ஸ்பிரிங்கின் வேகத்தில் பாய்ந்து, முன்பக்கப் பூட்டில் போய் மாட்டிக்கொள்ளும். பட்டனைப் பின்னால் இழுத்தால் இதே காரியம் தலைகீழாக நடந்து அலகு உள்ளே போய்விடும். எல்லாம் ஒரே விரல் வேலை.

தொந்தரவு எங்கே என்றால், பாய்கிற பொருளுக்கு இடம் வேண்டும். அலகுக்கும் அது ஓடுகிற பள்ளத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால்தான் அது ஓடும். அதே இடைவெளிதான் வெளியே வந்து நின்ற அலகை லொடலொடவென்று ஆட வைக்கும். ஃபிட்டர்கள் இதை 'ப்ளே' என்பார்கள். முன்பூட்டின் முகத்தைச் சரிவாக அறுத்தால் முன்பின் ஆட்டம் போய்விடும். அலகை அது ஆப்பு மாதிரி இறுக்கிக்கொள்ளும். பக்கவாட்டு ஆட்டம்தான் அடங்காது. நான் பள்ளத்தின் இரண்டு பக்கமும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இரண்டு மில்லிமீட்டர் நைலான் பட்டை வைத்துத் திருகினேன். மொத்த இடைவெளி பத்தில் ஒரு மில்லிமீட்டர். வழவழப்பான நைலான் என்பதால் ஓட்டமும் தடைப்படவில்லை.

நவாப் கான் அலகின் மழுங்கிய நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "பில்குல் நஹீ ஹில்தா" என்றார். துளிகூட ஆடவில்லையாம். அந்த டீ எனக்கு நல்ல டீயாக இருந்தது.

ஆறு நாற்பது. வாதி அல் ஹெலோ மலைகளுக்கு நடுவே சுரங்கப்பாதை. அது முடிந்ததும் சாலை கடலை நோக்கி இறங்குகிறது. மலீஹாவில் அடித்தது காய்ந்த சூடு, இங்கே வேறு. ஏழு ஐந்துக்குத் துறைமுகத்தில் கதவைத் திறந்து இறங்கினேன், மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்து ஒன்றும் தெரியவில்லை. துப்பட்டாவால் துடைத்தேன், மறுபடி படர்ந்தது. ஐந்து நிமிஷத்தில் முதுகு நனைந்துவிட்டது.

செல்வின் எதிரே வந்தார். நாற்பது வயதிருக்கும். இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் உண்டு. "வந்துட்டியளா" என்று அந்தக் கையாலேயே பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அந்தக் கை போன கதையை இங்கே சொல்ல வேண்டும். இந்தப் படகுகளில் மீன் பிடிப்பது கம்பிக் கூண்டு வைத்து. கர்கூர் என்பார்கள். ஆள் உயரக் கூண்டைக் கடலில் தள்ளும்போது அதன் கயிறும் கூடவே சரசரவென்று ஓடும். போன வருஷம் அந்தக் கயிறு செல்வினின் இடுப்பிலிருந்த உறைக்கத்தியின் பிடியில் மாட்டியது. எடுத்துவிடக் கையை விட்டார், கயிறு மூன்று விரலைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து அந்தப் படகில் உறைக்கத்திக்குத் தடை. மடக்குக் கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும். வலது கை கயிற்றில் சிக்கினால், மீதியிருக்கும் இரண்டு விரலால் கத்தியைத் திறந்து அறுத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்று காட்டினால் விசா புதுப்பிப்பேன், இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட் போடுகிறேன் என்று அர்பாப் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. இன்னொரு கை போவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தக் கத்தி. செல்வினின் கட்டைவிரலுக்கு ஏற்ற மாதிரி ஸ்பிரிங்கையும் நான் கொஞ்சம் இளக்கமாகவே வைத்திருந்தேன்.

ஏழரை. வெள்ளைக் கந்தூரா அங்கி போட்ட அறுபது வயது அர்பாப், படகோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். செல்வினின் வலது மணிக்கட்டில் ஈரக் கயிற்றைச் சுற்றி, மறுமுனையைக் கூண்டு இழுக்கும் மெஷினான விஞ்சில் கட்டினார்கள். புதுக் கத்தியை இடது கையில் கொடுத்தேன். விஞ்ச் மெதுவாகச் சுற்றியது. டக்கென்று அலகு வந்தது, கயிறு மூன்று இழுப்பில் அறுந்தது. இருபது தடவை திறந்து மூட வைத்தார்கள். ஒரு தடவையும் பிசகவில்லை. அர்பாப் நுனியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "கலாஸ். விசா ஹோ ஜாயேகா" என்றார். முடிந்தது, விசா ஆகிவிடும் என்று.

செல்வின் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் அங்கேயே ஒரு அடி உயர்ந்துவிட்டேன். அதோடு கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் பழைய கத்தியைத் திறந்து, பாருங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று காட்டாமல் போனால் நான் நானில்லையே.

திருகுகளைக் கழற்றினேன். உள்ளே துரு இல்லை. உப்பு இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து, என் சமையலறையை விடச் சுத்தமாக வைத்திருந்தார். வெர்னியரை எடுத்து நைலான் பட்டையை அளந்தேன். இரண்டு மில்லிமீட்டராக இருந்தது, நூற்றில் ஐந்து மில்லிமீட்டர் கூடியிருந்தது. எதிர்ப்பக்கத்துப் பட்டையும் அப்படியே. இரண்டையும் கூட்டினால் பத்தில் ஒன்று. நான் விட்டிருந்த மொத்த இடைவெளியும் காலி.

நைலான் ஈரம் குடித்து ஊதும். எந்த டிப்ளமோ மாணவனுக்கும் தெரிந்த விஷயம். இருபத்திரண்டு டிகிரி ஏசி ரூமில் உட்கார்ந்து வரைந்த எனக்குக் கல்பாவின் காற்று ஞாபகம் வரவில்லை. அர்பாப் கையிலிருந்த புதுக் கத்தி நேற்று வரை அதே ஏசியில் இருந்தது. இன்று ஓடும். மூன்று வாரத்தில் அதுவும் பாதியில் நிற்கும். அப்போது செல்வின் கடலில் இருப்பார்.

வெட்கமாக இருந்தது. காது வரை சுட்டது. நான் அர்பாபிடம் போய், தப்பு என்னுடையது, இந்தக் கத்தியும் நின்றுபோகும், டெஸ்ட்டை மறுபடி வையுங்கள் என்று இந்தியில் சொன்னேன்.

செல்வின் என்னை ஓரமாக இழுத்துப்போனார். முகம் வெளுத்திருந்தது.

"எக்கா, அவரு சரின்னு சொல்லிட்டாருலா. இப்ப போய் இதச் சொல்லணுமா? எனக்க விசாயில்லா போவுது."

"உங்க உசுரு போனா என்ன பண்றதுங்க? என் பேரு போட்ட கத்திங்க இது. பாதியில நிக்கற கத்திய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"ஒங்களுக்கு ஒங்க பேரு. எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு."

அர்பாப் கடிகாரத்தைப் பார்த்தார். லுஹர் தொழுகை வரை நேரம், அதற்குள் சரி செய்தால் பார்க்கலாம், இல்லையென்றால் பேச்சில்லை என்றார். மணி எட்டே முக்கால். மதியத் தொழுகைக்கு மூன்றரை மணி நேரம்தான்.

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு மலையாளி படகு இன்ஜின் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். இரண்டு மில்லிமீட்டர் பித்தளைத் தகடு, ஒரு துண்டு பத்து திர்ஹாம். பிடித்துக்கொள்ள வைஸும், அராவ அரமும் சும்மா கொடுத்தார். பித்தளை தண்ணீர் குடிக்காது. ஆனால் பள்ளம் முழுக்க இறுக்கமாகப் பித்தளை வைத்தால் ஒரு மணல் துகள் போதும், அலகு நின்றுவிடும். அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் புத்தி வந்தது. ஓடும்போது எதற்கு இறுக்கம்? நின்ற பிறகு இறுகினால் போதாதா?

புதுக் கத்தியைக் கழற்றி, நடுவில் நைலானையே விட்டு அரை மில்லிமீட்டர் செதுக்கினேன். எவ்வளவு ஊதினாலும் அலகைத் தொடாது. வாய்ப்பக்கம் இரண்டு, அலகு வெளியே நிற்கும்போது அதன் வால் உட்காருகிற இடத்தில் இரண்டு, மொத்தம் நாலு பித்தளைத் துண்டுகள். ஒவ்வொன்றின் நுழைவிலும் சரிவு வைத்து அராவினேன். வழியெல்லாம் தாராளம், கடைசி அரை சென்டிமீட்டரில் மட்டும் பிடி. முதல் தடவை அலகு முன்பூட்டில் மாட்டவில்லை. மறுபடி கழற்றி அராவினேன். ஏசி இல்லாத ஷெட், வியர்வை வெர்னியர் மேல் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் செல்வினும் வந்து டார்ச் பிடித்தார். நவாப் கான் மூன்று பேருக்கும் லபன் மோர் வாங்கி வந்தார், பாட்டில் இரண்டு திர்ஹாம்.

பதினொன்றேகால். கத்தியைக் கடல்தண்ணீர் வாளியில் போட்டு அரை மணி வைத்தேன். எடுத்து உதறி, மேலே ஒரு பிடி மணலையும் நானே போட்டேன். அர்பாப் சிரித்துவிட்டார். செல்வின் சிரிக்கவில்லை. மறுபடி வலது கையில் கயிறு, மறுபடி விஞ்ச். இந்த முறை அர்பாப் வேகத்தைக் கூட்டச் சொன்னார். கயிறு விறைத்துச் செல்வினை ஒரு அடி முன்னே இழுத்தது. டக். அலகு வெளியே இருந்தது, கயிறு கீழே கிடந்தது.

அர்பாப் நுனியை ஆட்டினார். மிக மெல்லிய அசைவு. "தோடா ஹில்தா ஹை" என்றார், காலையில் ஆடாதது இப்போது கொஞ்சம் ஆடுகிறதே என்று.

"ஹில்னா சாஹியே" என்றேன். ஆடத்தான் வேண்டும், அந்தக் கொஞ்சம் இருப்பதால்தான் அது வெளியே வருகிறது. காலையில் ஆடாத கத்தியைக் காட்டியபோது இருந்ததைவிட, இதைச் சொல்லும்போது எனக்கு நிமிர்வாக இருந்தது. கோயம்புத்தூர்க்காரி இரண்டரை மணி நேரத்தில் வெறும் அரத்தை வைத்துச் செய்தது. ஏன் நிமிரக் கூடாது?

அர்பாப் அங்கேயே ஆபீஸுக்குப் போன் போட்டு, செல்வினின் விசாவைப் புதுப்பிக்கச் சொன்னார். பிறகு தொழுகைக்குப் போனார்.

செல்வின் மனைவி ஷைலாவுக்கு வீடியோ கால் செய்தார். "விசா கெடச்சாச்சு" என்றார். அந்தப் பக்கம் சந்தோஷக் குரல் எதுவும் வரவில்லை.

"திரும்பவும் அந்தக் கூண்டு தள்ளுற எடத்துலயா நிக்கப் போறிய?"

"ஆமா. இப்பம் கத்தி இருக்குலா. செஞ்ச எக்கா இங்கதான் நிக்கா, கேளு." போனை என் பக்கம் திருப்பினார்.

ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "எக்கா, அது இவுகளக் கைவிடாதுல்லா?"

"விடாதுங்க" என்று வாய் வரை வந்ததை நிறுத்தினேன். "மாசா மாசம் மொத சனிக்கெழம நான் வந்து, என் கையாலயே தொறந்து அளந்து பாக்கறனுங்க. நான் வராத மாசம் அவரக் கடலுக்கு விடாதீங்க."

"நம்பரு சொல்லுங்க எக்கா" என்றார். சொன்னேன். எழுதி, ஒருமுறை திருப்பிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டார்.

ஒரு மணிக்குக் கிளம்பி இரண்டரைக்கு ஷார்ஜா வந்து சேர்ந்தோம். அன்றே டிராயிங்கைத் திருத்தி, திருத்தக் காரணம் என்ற கட்டத்தில் 'வரைந்தவரின் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதுவரை மூன்று முதல் சனிக்கிழமைகள் போய் வந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷைலாவிடமிருந்து மெசேஜ் வரும்: "எக்கா, நாளைக்கு." கல்பாவில் கத்தியைத் திறந்து அளந்து மூடியதும், அளவைச் செல்வினிடம் சொல்வதற்கு முன்னால் ஷைலாவுக்குத்தான் அனுப்புகிறேன். பதினாறு வருஷத்தில் எத்தனையோ பெரிய இன்ஸ்பெக்டர்கள் என் வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இவரிடமிருந்து "சரி எக்கா" என்று வரும் வரை நான் பிக்கப்பில் ஏறுவதில்லை.