பெயர் சொல்லாத ஒன்பது பேர்

சமையலறையிலிருந்து டிங், டிங், டிங் என்று விடாமல் சத்தம் வந்தது. முன்னறையில் ரங்கநாயகி மறுநாள் வேலைக்கான புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரங்கம், உன் போனு மிக்ஸி பக்கத்துல கிடந்து துடிக்குது. நாப்பத்தோரு மெசேஜ்" என்றார் கணவர் மருதை உள்ளேயிருந்து. "யாராவது செத்துட்டாங்களா?"

"பறவைக் குரூப்புங்க."

"அப்ப பறவைதான் செத்திருக்கும்."

மருதை போனைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பது செய்திகள் குரூப்பில் வந்தவை. கடைசி ஒன்று மட்டும் அவளுக்கென்று தனியாக வந்திருந்தது. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் எடை போடும் பானுப்ரியா அனுப்பியது.

"அக்கா, ஆறு மணிக்கு மில்லு வேலை முடிஞ்சதும் நான் குரூப்பை விட்டுப் போயிடுறேன். சொல்லாம போனா மரியாதை இல்லைன்னு சொல்றேன். உங்க மேல கோவம் இல்லக்கா."

ரங்கநாயகிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அதை ஓரமாக நிறுத்தி, ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிறகு பிடித்துக்கொண்டாள்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் விசாரணை கவுண்டரில் அவளுக்கு இருபத்திரண்டு வருடமாக வேலை. ஸ்கேன் ரூம் எங்கே என்று ஒரு நாளைக்கு முன்னூறு பேர் கேட்பார்கள். முன்னூறாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன அதே குரலில்தான் பதில் சொல்வாள். அவள் கவுண்டரிலிருந்து ஒருவரும் பதில் இல்லாமல் போனதில்லை. அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

இரண்டு வருடம் முன்பு, அந்தக் கவுண்டருக்கு மேலே டியூப் லைட்டில் ஒரு பறவை கூடு கட்டியது. அது என்ன பறவை என்று ஒரு பெரிய பறவைக் குரூப்பில் கேட்டாள். 'கூகுளில் தேடுங்கள்' என்று ஒருவர் பதில் போட்டார். அன்று இரவு ரங்கநாயகி சாப்பிடவில்லை. மறுநாள் சொந்தமாக ஒரு குரூப் தொடங்கினாள். 'திருச்சி சிறகுகள்' என்று பெயர் வைத்தாள். யார் எதைக் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், பதில் சொல்ல வேண்டும் என்பது ஒரே விதி.

குரூப் வளர்ந்தது. தகராறும் வளர்ந்தது. பெரியவர்களுக்கு நடுவில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றார்கள் புதியவர்கள். காலையில் எழுந்தால் மைனா முகத்தில்தான் விழிக்க வேண்டியிருக்கிறது என்றார்கள் பழையவர்கள். ரங்கநாயகி யோசித்து, போன மாதம் குரூப்பை இரண்டாகப் பிரித்தாள். ஒன்று 'ஆரம்பம்', இன்னொன்று 'அனுபவம்'. அவரவர் தகுதியை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம் என்று அறிவித்தாள்.

அவள் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய பிழை அதுதான். 'அனுபவம்' குரூப்பில் நூற்று எண்பது பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பைனாகுலர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. உண்மையில் விவரம் தெரிந்த ஒன்பது பேரும் 'நமக்கு என்ன தெரியும்' என்று அடக்கமாக 'ஆரம்ப'த்தில் போய் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நிஜமாகவே ஒன்றும் தெரியாத ஒரே ஆள் பானுப்ரியா.

அன்று காலை அவள் ஒரு படம் போட்டிருந்தாள். ஆலை வாசலில், சிந்திய நெல்லுக்கு நடுவில், ஒரு சின்னப் பழுப்புப் பறவை. 'இது என்ன பறவை?' அவ்வளவுதான் கேள்வி. ஒன்பது பேரும் நாற்பது பதில் போட்டிருந்தார்கள். இறகு உதிரும் பருவம் பற்றி ஒருவர், அலகின் அடிப்பாகம் பற்றி ஒருவர். 'நான் சொல்வதைவிட சார் சொன்னால் நன்றாக இருக்கும்' என்று ஒருவர். 'ஐயோ, நீங்கள் இருக்கும்போது நானா' என்று அந்த சார். பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ரங்கநாயகிக்கு முப்பது பறவை தெரியும். அந்த முப்பதில் இது இல்லை. படத்தை 'அனுபவ'த்துக்கு அனுப்பிப் பார்த்தாள். துவாக்குடியில் இன்ஜினியரிங் படிக்கும் சித்தார்த் இரண்டே நிமிடத்தில் 'பருந்துக் குஞ்சு' என்றான். இருபத்தாறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

ஐந்து நாற்பதுக்கு வாசல் மணி அடித்தது. வந்தவர் பீமராவ், அந்த ஒன்பது பேரில் மூத்தவர். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பாலக்கரையிலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு பதிலே போடலையேம்மா. ஏதாவது மனசு கஷ்டப்படற மாதிரி எழுதிட்டோமோன்னு நேர்ல கேட்டுட்டுப் போக வந்தேன்."

"ஆறு மணிக்குக் குரூப்பை விட்டுப் போகுதாம் சார்."

பீமராவ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், அது என்ன பறவைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்னு எப்படிம்மா சொல்றது? முப்பத்தாறு வருஷமா பாக்கறேன். இன்னும் கத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஸ்கேன் ரூம் எங்கன்னு ஒருத்தர் கேட்டா, நான் டாக்டர் இல்லையேன்னா சொல்லுவேன்? இடது பக்கம் மூணாவது கதவு. அவ்வளவுதானே சார்?"

"மத்தவங்க எல்லாம் பெரியவங்கம்மா. நான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால போய்…"

மருதை காபி கொண்டுவந்து நீட்டினார். "விடுங்க சார். இன்னொரு குரூப்புல அது பருந்துக் குஞ்சுன்னு முடிவே பண்ணிட்டாங்க."

பீமராவ் வாங்கிய டம்ளரை டக்கென்று கீழே வைத்தார்.

"பருந்தா? கண்ணு இருக்கா அவங்களுக்கு? அலகைப் பாருங்க! நெல்லு உடைக்கிற அலகும்மா அது! சில்லை! புள்ளிச் சில்லைக் குஞ்சு!"

கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவரைப் போல அவர் தலை குனிந்துகொண்டார்.

"ஏதோ வேகத்துல வாய்ல வந்துடுச்சு."

ரங்கநாயகி போனை அவர் வாய்க்கு நேரே பிடித்தாள். "அஞ்சு அம்பது ஆச்சு சார். இதையே மெதுவா சொல்லுங்க. பானுப்ரியாவுக்கு மட்டும்தான் போகும்."

அவர் எழுந்து நின்றுகொண்டார். சட்டைக் காலரைச் சரி செய்தார்.

"அம்மாடி, அது சில்லை. சின்னக் குஞ்சு, அதான் இன்னும் நெஞ்சுல புள்ளி வரலை. புள்ளி இல்லாததால நாங்களும் குழம்பினோம், உன்னையும் குழப்பிட்டோம். ரெண்டு மாசம் பாத்துக்கிட்டே இரு. வரும்."

அனுப்பியாயிற்று. மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி ஆனது. ஆறு ஐந்தும் ஆனது. மருதை காபியைத் தானே குடித்துவிட்டார்.

ஆறு ஏழுக்குப் பதில் வந்தது. "ரெண்டு மாசமா சார்? சரிங்க. பாத்து சொல்றேன்."

ரங்கநாயகிக்குக் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, இரண்டு குரூப்பையும் பழையபடி ஒன்றாக்கப் போவதாக அங்கேயே அறிவிப்பு எழுதி அனுப்பினாள். பீமராவ் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயங்கினார்.

"ஒருவேளை நான் சொன்னது தப்பா இருந்தா?"

"ரெண்டு மாசத்துல தெரிஞ்சிடும் சார்."

"அதுவும் சரிதான். போயிட்டு வரேன்மா."

அவர் படியிறங்கித் தெருமுனை திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு, ரங்கநாயகி கதவைச் சாத்தினாள்.